ஆளில்லாத வாரம்

சுரங்கத்தை மூடி நூற்றிருபது வருடம்.
தாமிரக் கழிவு கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது,
நனைந்தால் பச்சை, காய்ந்தால் சாம்பல்.
ஓரத்தில் ஒரு கல்சுவர், பாதி சரிந்தது. அந்தப்புறம்
இவோர் பென்னன்ட்டின் மேய்ச்சல் நிலம்.
இங்கிருந்து அங்கே பதினொரு எட்டு.
ரப்பர் பூட்ஸோடு நடந்து எண்ணியிருக்கிறேன்,
வடக்கு வேல்ஸின் ஓயாத தூறலில்.

இரண்டு பக்கமும் ஒரே புல்.
புத்தகத்தில் ஒரே பெயர், ஒரே படம்.
ஆனால் கழிவில் நிற்பது குட்டை.
விஷத்தை வேரில் ஒரு மூலையாய்க் கட்டிவைத்துவிட்டு
மிச்ச இடத்தில் குடித்தனம் நடத்துகிறது.
மேய்ச்சல் புல்லைப் பிடுங்கி இங்கே நட்டால்
பத்தே நாளில் வேர்நுனி கறுத்துப்போகும்.
சுரங்கப் புல்லை அங்கே நட்டாலோ
யாரும் அதைக் கொல்வதில்லை.
பக்கத்துப் புற்கள் உயர்ந்து
வெயிலை மறைக்கின்றன, அவ்வளவுதான்.

மேல்காற்று மகரந்தத்தைச் சுவர் தாண்டி
அள்ளிக்கொண்டு போகிறது.
அப்படிப் பிறக்கும் கலப்பு எந்தப் பக்கம் பிழைக்கும்?
எலினெட்டின் கேள்வி அது. எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
கதிரோடு கதிரைக் காகிதப் பைக்குள் சேர்த்துக் கட்டி
நாங்களே கலந்தோம். முதல் தலைமுறை.
பிறகு அவற்றின் பிள்ளைகள்.
நானூற்று எண்பது நாற்று,
நானூற்று எண்பது பிளாஸ்டிக் சீட்டு.

ஏப்ரலில் இவோரின் செம்மறிகள் வேலியைச் சாய்த்து வந்து
தின்றன. நாற்றுகளை அல்ல.
சீட்டுகளை.

தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார் இவோர்.
மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக
நாற்றுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"மலை ஆட்டுக்குக் கீழ்நாட்டுக் கடாவை விட்டால்
முதல் குட்டி சந்தையில் என் கடனை அடைக்கும்.
அந்தக் குட்டிகளை வைத்தே இனம் பெருக்கினால்
ஒன்று மேலே பனியில் நடுங்கும்,
ஒன்று கீழே சேற்றில் குளம்பு அழுகும்.
விற்றுவிட வேண்டும். வைத்துக்கொள்ளக் கூடாது."
மூன்று வருட ஆராய்ச்சிப் பணம் கண்முன் வந்தவள்போல்
எலினெட் சிரித்தாள்.

நோட்டில் குறித்த குழி எண்ணை வைத்து எண்ணினேன்.
ஏறக்குறைய அவர் சொன்னதுதான்.
முதல் தலைமுறை இரு பக்கமும் தாக்குப்பிடித்தது.
பிள்ளைகளில், கழிவில் நட்ட தொண்ணூறுக்கு
எண்பத்தொன்று சாவு.

ஏழாம் வரிசை, பத்தொன்பதாம் குழி.
கழிவும் மண்ணும் சரிந்து கலந்த சுவரடி.
அங்கே ஒன்று மட்டும் கணுக்கால் தாண்டி
முழங்கால் எட்டி, கத்தை கத்தையாய்க் கதிர் தள்ளியது.
எலினெட் மண்டியிட்டு அளந்தாள்.
நம்பாமல் மறுபடி அளந்தாள்.

சுரங்கப் புல் ஜூன் நடுவிலேயே பூத்து ஓய்ந்திருந்தது.
மேய்ச்சல் புல் ஜூலை பிறந்தால்தான் பூக்கும்.
ஏழு-பத்தொன்பது பூத்தது
இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம்.
தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம்.
விடியலில் பூ திறந்தது, தூள் பறந்தது,
கொடுக்கவோ வாங்கவோ பள்ளத்தாக்கில் ஆளில்லை.
நான் இருந்தேன். தெர்மாஸும் நானும்.

நோட்டில் கடைசிப் பத்தியின் தலைப்பு 'தகுதி'.
உயரம் வேறு பத்தி, இலை வேறு பத்தி.
தகுதிக்குக் கீழே எழுதுவது விதைகளின் எண்ணிக்கை மட்டும்.
ஆகஸ்டில் கதிர்களை உருவிக் கறுப்புத் தட்டில் உதறினேன்.
உமி. உமி. ஊசியால் தள்ளத் தள்ள உமி.
ஆறு விதை.
எதிரே ஒரு சாண் உயரச் சுரங்கப் புல்லுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஆறு என்று எழுதினேன். இவ்வளவு செழித்ததற்கு
இது போதாது என்று ஓரத்தில் எழுத இடமில்லை.
தகப்பன் யாரென்று பார்க்க வேண்டும் என்றாள் எலினெட்;
நேரம் தவறிய ஏதோ ஒரு கதிர், எந்தப் பக்கத்துக் கதிர்?
பார்க்க வேண்டுமென்றால் விதையை அரைக்க வேண்டும்.

ஐந்தைக் கொடுத்தேன்.
தட்டு விளிம்பில் ஒன்று ஒட்டியிருந்தது என்று
பிறகுதான் சொன்னேன்,
தூறல் விட்டபின், சுவரடிக்குப் போய்
நகக்கண்ணில் மண்ணோடு திரும்பி வந்து.